நெல்லும் சொல்லும்

எங்கள் அம்மாவுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் வீட்டில் யாராவது கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்டால், ஒரே ஒரு பழமொழியில் வாயை அடைத்துவிடுவார். "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதுடா!" தஞ்சாவூர்க்காரர்களுக்கு எதையும் நெல்லை வைத்துச் சொன்னால்தானே புரியும்! பிழைப்புக்காகப் புனே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

நெல்லும் சொல்லும் சேர்ந்த ஒரு சரித்திரம் எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. தமிழரும் மராட்டியரும் பங்கு கொண்ட சரித்திரம். மராட்டிய மண்ணில் வாழும் நம் குடும்பங்களுக்கு அதைச் சொல்ல இந்த மலரைவிட நல்ல இடம் ஏது?

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-இல் அன்றைய பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதன்பின் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. புராட்டஸ்டண்டு சபைகளில் போதகரை 'ஐயர்' என்று அழைப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கம். அப்படித்தான் அவர் சுவார்ட்ஸ் ஐயர் ஆனார். திருச்சியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு 1778-இல் தஞ்சையில் குடியேறினார். அப்போது அங்கே அரசாண்டவர் மராட்டிய மன்னர் துளஜா.

1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. கோட்டைக்குள் பஞ்சம், பட்டினியால் ஜனங்கள் தெருவிலேயே மடிந்தார்கள். கிராமங்களில் தானியம் இருந்தது. அதைக் கொண்டுவர வண்டிமாடு கிடைக்கவில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விட்டவர்களை ஜனங்கள் மறக்கவில்லை. அதனால் அரண்மனையின் வாக்கையும் நம்பவில்லை, கம்பெனியாரின் வாக்கையும் நம்பவில்லை. கடைசியில் மன்னரே, நம் எல்லோருடைய நாணயமும் போய்விட்டது, சுவார்ட்ஸையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று அவரிடம் பொறுப்பை விட்டார். ஐயர் ஆள் அனுப்பிச் சொன்னது ஒன்றுதான்: கூலிக்கு நான் பொறுப்பு. ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. சில நாட்களுக்குள் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பேசிய கூலியைத் தம் கையாலேயே கொடுத்துத் தீர்த்தார். கஜானாவால் முடியாததை ஒரு மனிதரின் சொல் செய்தது.

இதோடு முடித்தால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். அதே வாயிலிருந்து வந்த இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும்.

1787-இல் துளஜா மரணப் படுக்கையில் கிடந்தார். வாரிசு இல்லாததால் பத்து வயதுப் பிள்ளை சரபோஜியைத் தத்து எடுத்து, அவனை வளர்க்கும் பொறுப்பைச் சுவார்ட்ஸிடமே ஒப்படைக்க விரும்பினார். ஐயர் தயங்கினார். அரண்மனைக்குள் அந்தப் பிள்ளையின் உயிரைத் தம்மால் எப்படிக் காக்க முடியும் என்று யோசித்தார். உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவர் தம் மகனைப்போல் வளர்க்கட்டும் என்று ஆலோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில், நன்றாக யோசித்துச் சொன்ன சொல்தான். மன்னரும் ஏற்றுக்கொண்டார்.

மன்னர் கண்ணை மூடியதும் அமர்சிங் அரியணைக்கே உரிமை கோரினார். கம்பெனியின் சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் பண்டிதர்களைக் கூட்டி விசாரித்தார். தத்து செல்லாது என்று அவர்கள் சொல்ல, அமர்சிங் மன்னரானார். பிள்ளை சரபோஜியோ முறையான படிப்பின்றி, வெளியே நடமாட விடாமல் அடைபட்டுக் கிடந்தான்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன், இப்படி ஆகும்னு யார் கண்டா?" சுவார்ட்ஸ் அப்படி ஒதுங்கவில்லை. பிள்ளையின் நிலையைக் கம்பெனியிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். 1793-இல் சரபோஜியையும் துளஜாவின் ராணிகளையும் பத்திரமாகச் சென்னைக்கு அழைத்துச் செல்ல உடன் போனார். அங்கே கெரிக்கே என்ற போதகரிடம் படிப்பு தொடர்ந்தது. தத்து பற்றிய பழைய தீர்ப்பை மறுபடியும் ஆராயும்படி வாதாடினார். தாம் சொன்ன சொல்லின் பின்னாலேயே பத்து வருஷம் நடந்தார்.

பலனை அவர் கண்ணால் காணவில்லை. 1798 பிப்ரவரியில் காலமானார். சில மாதங்களில் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. விதைத்தவன் எல்லா விளைச்சலையும் தன் விருப்பப்படி அறுக்க முடியாது என்பதற்கு இதுவும் சாட்சி. ஆனால் சென்னையில் கிடைத்த அந்தப் படிப்பு வீணாகவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை உலகம் வியக்கும்படி வளர்த்தவர் இந்தச் சரபோஜிதான். அவர் மதம் மாறவில்லை. கடைசிவரை சிவபக்தராகவே இருந்தார். ஆனாலும் தம் குருவுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சி அது.

வீணான வார்த்தைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று இயேசு எச்சரித்ததைச் சிறுவயதிலிருந்து கோயிலில் கேட்டவன் நான். ஆனால் அது உறைத்தது பெரியம்மாவால்தான். ஒவ்வொரு முறையும் போனில், "அடுத்த லீவுக்கு வந்து உங்களைப் புனேக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன் பெரியம்மா" என்பேன். ஆபீஸ், பிள்ளைகளின் பரீட்சை என்று இரண்டு கோடை ஓடிவிட்டது. சாவுக்குத்தான் போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே புதுப் புடவை இரண்டு, ஸ்வெட்டர் ஒன்று. "புனேயில குளிராம்ல, நீ கூப்பிட்டுப் போவேன்னு வாங்கி வச்சாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அது போனை வைக்கும்போது சொல்கிற ஒரு பேச்சு. அவங்களுக்கு அது வாக்கு.

ஆண்டவர் மன்னிப்பார் என்பது என் விசுவாசம். மன்னித்தார் என்றும் நம்புகிறேன். ஆனால் மன்னிப்பு அந்த ஸ்வெட்டரைப் பெரியம்மாவுக்குப் போட்டுவிடாது. சுவார்ட்ஸ் ஐயரின் கதையில் எனக்குக் கிடைத்த பாடமும் இதுதான். சொன்னதை அள்ள முடியாது. காலம் இருக்கும்போதே அதன் பின்னால் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். நான் தாமதித்துவிட்டேன்.

அடுத்த முறை தஞ்சைக்குப் போகிறவர்கள், பெரிய கோயிலைப் பார்த்த கையோடு சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தச் சிற்பத்தைக் காட்டுங்கள். ஊரில் யாரிடமாவது "லீவுக்கு வர்றோம்" என்று சொல்லியிருந்தால், இந்த மலரை மூடி வைத்துவிட்டு முதலில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.