செய்து வைத்த காடு – நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் கதை



நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 1994 செட் மாணவி ஒருத்தி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த படங்களைப் போட்டிருந்தாள். ஏரி, பாறை, அடர்ந்த மரங்கள், பின்னால் உயரமான கட்டடங்கள். கீழே "இயற்கையின் கொடை சார்!" என்று எழுதியிருந்தாள். படங்கள் அருமை. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் சிவப்பு மையால் சுழிக்கக் கை துறுதுறுத்தது. ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் வரலாற்று வாத்தியார் புத்தி போகவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அந்தப் படத்தில் இயற்கை கொடுத்தது பாறை மட்டும்தான் அம்மா. ஏரி வெட்டியது. மரங்கள் நட்டவை. மரங்களுக்கு அடியில் இருக்கும் நல்ல மண்ணில் பெரும்பகுதி நியூஜெர்சியிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது. வடக்குப் பக்கம் ஓர் அருவி விழுமே, அதற்குத் தண்ணீர் வருவது நகரக் குடிநீர்க் குழாயிலிருந்து. 843 ஏக்கர் பரப்பு, இரண்டரை மைல் நீளம், அரை மைல் அகலம். அத்தனையும் மனிதர் திட்டம் போட்டுச் செய்தது.

1811ல் மன்ஹாட்டன் தீவுக்கு ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். நெடுக்கே அவென்யூ, குறுக்கே தெரு, கட்டம் கட்டமாக, நாம் கணக்கு நோட்டில் கோடு போடுவது போல. வடக்கே 155ஆம் தெரு வரை கோடு போட்டவர்கள் திறந்த வெளிக்குப் பெரிதாக இடம் ஒதுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிறதே, காற்றுக்கு என்ன குறை என்று நினைத்துவிட்டார்கள். 1850 வாக்கில் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வேண்டுமென்றால் ஜனங்கள் புரூக்ளினில் இருந்த கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கல்லறைக்குச் சுற்றுலா! அப்படி ஒரு நிலைமை.

ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று 1844ல் எழுதியவர் வில்லியம் கல்லன் பிரையன்ட். கவிஞர், 'ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியர். தோட்டக்கலை நிபுணர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங்கும் சேர்ந்து குரல் கொடுத்தார். 1853ல் மாநிலச் சட்டமன்றம் நிலம் எடுக்கச் சட்டம் போட்டது. ஏழைகளுக்குக் காற்று வேண்டும் என்ற நல்ல எண்ணமும் இருந்தது. சுற்றியுள்ள மனைகளின் விலை ஏறும் என்ற கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எடுத்த நிலம் ஆளில்லாத பொட்டல் என்றுதான் அன்றைய பத்திரிகைகள் எழுதின. குடிசைவாசிகள், நாடோடிகள் என்றெல்லாம் ஏசின. உண்மையில் அங்கே சுமார் 1,600 பேர் வாழ்ந்தார்கள். பன்றி வளர்த்தவர்கள், எலும்பு வேகவைக்கும் கூடம் நடத்தியவர்கள், காய்கறித் தோட்டம் போட்டவர்கள். அதோடு, மேற்குப் பக்கத்தில் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவில் ஓர் ஊரே இருந்தது. அதன் பெயர் செனிகா வில்லேஜ்.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1825ல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், அங்கே 125 டாலருக்கு மூன்று மனை வாங்கினார். எபிஃபனி டேவிஸ் என்பவர் 578 டாலருக்குப் பன்னிரண்டு மனை வாங்கினார். கறுப்பினத்தாரின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சயான் சபையும் ஆறு மனை வாங்கியது. அப்போது நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுதாக ஒழிந்திருக்கவில்லை. அது 1827ல்தான். இன்னொன்றும் உண்டு. 1821ஆம் வருஷத்து மாநில அரசியல் சட்டப்படி கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. அப்படியானால் அந்த மனை வெறும் வீட்டு மனை மட்டுமா? ஓட்டுரிமைக்கான வழியும் அதில்தான் இருந்தது.

1855 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 225 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தார், மீதிப் பேரில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். 1857க்குள் எல்லாம் காலி. நஷ்டஈடு கொடுக்காமல் இல்லை. ஆண்ட்ரூ வில்லியம்ஸ் 3,500 டாலர் கேட்டார், 2,335 கிடைத்தது. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் எடுப்பு நடந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். பணம் ஆளுக்கு ஆள் கிடைத்தது. ஊர் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. வேறோர் இடத்தில் அவர்கள் மறுபடி ஒன்றாகக் கூடி வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

சரி, திட்டத்துக்கு வருவோம். 1857ல் பூங்காவை வடிவமைக்கப் போட்டி அறிவித்தார்கள். 33 திட்டங்கள் வந்தன. 1858 ஏப்ரலில் முதல் பரிசாக 2,000 டாலர் வென்றது 'கிரீன்ஸ்வார்டு' என்ற திட்டம். பசும்புல் தரை என்று பொருள். போட்டவர்கள் இருவர். ஒருவர் கால்வர்ட் வாக்ஸ், டவுனிங் இங்கிலாந்திலிருந்து அழைத்து வந்த கட்டடக் கலைஞர். டவுனிங் 1852ல் ஹட்சன் ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் தீவிபத்தில் இறந்துபோனார். மற்றவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். விவசாயம் பார்த்தவர், பத்திரிகையாளர், தென் மாநிலங்களில் சுற்றி அடிமை முறையைப் பற்றி எழுதியவர். அப்போது இதே பூங்காவில் மேற்பார்வையாளர் வேலை. கூட்டு சேர்ந்து திட்டம் போடலாம் என்று அழைத்தது வாக்ஸ்தான். பின்னாளில் ஓம்ஸ்டெட் பெயர் ஓங்கி, வாக்ஸ் பெயர் மங்கிவிட்டது. பாலங்களையும் வளைவுகளையும் வரைந்த அந்த மனிதருக்கு இது அநியாயம் என்பது என் கட்சி.

அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்கிறேன். பூங்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நான்கு சாலைகள் போக வேண்டும் என்பது போட்டி விதி. அவற்றைத் தரைமட்டத்தில் போட்டால் பூங்கா ஐந்து துண்டாகிவிடும். இவர்கள் அந்தச் சாலைகளைப் பள்ளத்தில் இறக்கி, மேலே பாலம் போட்டு, பாலத்தின் மேல் மண் கொட்டிச் செடி நட்டார்கள். மேலே நடப்பவருக்குக் கீழே வண்டி போவதே தெரியாது. மோட்டார் கார் பிறப்பதற்கு முன் போட்ட திட்டம் இது. இன்றைக்கும் பஸ்ஸும் டாக்ஸியும் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகின்றன. உள்ளேயும் நடப்பவருக்கு ஒரு பாதை, குதிரைக்கு ஒன்று, சாரட்டுக்கு ஒன்று. ஒன்றையொன்று குறுக்கிடாமல் இருக்க முப்பத்துச் சொச்சம் பாலங்கள். ஒன்று போல இன்னொன்று இல்லை.

1857ல் பெரிய பொருளாதார நெருக்கடி. வேலையில்லாதவர்கள் திரண்டு நின்ற நேரம். பாறையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள், சதுப்பு நிலத்தின் கீழ் சுட்ட மண்குழாய் பதித்து நீரை வடித்தார்கள். 1858 டிசம்பரிலேயே புது ஏரி உறைந்து, ஜனங்கள் அதன்மேல் சறுக்கி விளையாட வந்துவிட்டார்கள்! பணக்காரரும் ஏழையும் ஒரே இடத்தில் உலாவ வேண்டும் என்பது ஓம்ஸ்டெட்டின் கனவு. ஆரம்ப வருஷங்களில் அதிகம் வந்தது என்னவோ சாரட்டுக்காரர்கள்தான். ஏழைகள் குடியிருந்த தென்கோடியிலிருந்து அது வெகுதூரம்.

அடுத்த நூறு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். நகர அரசியல்வாதிகள் புகுந்து குழப்பினார்கள், வடிவமைத்த இருவரும் வெளியே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். 1934ல் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி வந்து விளையாட்டுத் திடல்களாகக் கட்டித் தள்ளினார். 'ஷீப் மெடோ' புல்வெளியில் அதுவரை நிஜமாகவே ஆடுகள் மேய்ந்தன. அவற்றை அவர் புரூக்ளினுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டுக் கொட்டகையை உணவகமாக்கினார்.

1970களில் நிலைமை கைமீறியது. 1975ல் நகராட்சியே திவாலாகும் நிலை. தோட்டக்காரர்கள் குறைந்தார்கள். பெரிய கச்சேரிகளுக்குத் திரண்ட கூட்டம் மிதித்து மிதித்து ஷீப் மெடோ புழுதிக்காடாயிற்று. மண் இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்று போகாது, விதைத்தாலும் முளைக்காது. நம் பள்ளி மைதானத்தை நினைத்துப் பாருங்கள், புரியும். பாறைமேல் நிற்கும் பெல்வெடியர் கோட்டை பாழடைந்து, சுவரெல்லாம் கிறுக்கல். பெதஸ்டா நீரூற்று வறண்டது. பக்கத்து மண்டபத்தின் கூரையில் பதித்திருந்த இங்கிலாந்து மின்டன் ஓடுகள், 15,000க்கும் மேல், கழன்று விழ ஆரம்பித்தன.

எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் வருவது இந்த நேரத்தில்தான். டெக்ஸஸ்காரர், நகரத் திட்டமிடல் படித்தவர், ஓம்ஸ்டெட்டைப் பற்றி 1972ல் புத்தகம் எழுதியவர். 1979ல் மேயர் எட் காட்சும் பூங்கா ஆணையர் கோர்டன் டேவிஸும் அவரைச் சென்ட்ரல் பார்க்கின் நிர்வாகியாக்கினார்கள். அதற்கு முன் அப்படி ஒரு பதவியே இல்லை. அத்தனை பெரிய பூங்காவுக்கு 'இது என் பொறுப்பு' என்று சொல்ல ஒரு தனி ஆள் கிடையாது! 1980ல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிப் பராமரிக்க 'சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி' என்ற அமைப்பு உருவானது. ஷீப் மெடோவில் மறுபடி புல் வந்தது. மூன்று வருஷம் மண், வடிகால், மரங்கள், வருகிற ஜனங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, 1985ல் முழுப் பூங்காவுக்கும் ஒரு மீட்புத் திட்டம் தயாரித்தார்கள்.

எல்லாரும் கைதட்டவில்லை. 'ராம்பிள்' என்ற காட்டுப் பகுதியில் பழைய பார்வைக் கோணத்தைத் திறக்க மரம் வெட்டியபோது, பறவை பார்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். 1858ல் வரைந்த காட்சி முக்கியமா, இன்று அங்கே இறங்கும் வலசைப் பறவை முக்கியமா? சுவரோவியத்தைச் சுரண்டிப் பழைய வண்ணம் பார்ப்பது போன்ற வேலை இல்லை இது. இடையில் வளர்ந்ததற்கும் உயிர் இருக்கிறது. ராஜர்ஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பறவைக்காரர்கள் பக்கம்தான் நான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1996ல் வந்த ஏற்பாடு. பூங்காவை 49 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். அதற்கு முன் புல் வெட்டும் குழு வெட்டிவிட்டுப் போகும், குப்பை அள்ளும் குழு அள்ளிவிட்டுப் போகும், உடைந்த பெஞ்சைப் பற்றிக் கவலைப்பட யாரும் இல்லை. இப்போது அந்தப் பகுதியில் புல் காய்ந்தாலும் கிறுக்கல் விழுந்தாலும் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. வகுப்புக்கு ஒரு வகுப்பாசிரியர் என்று நாம் வைத்திருக்கிறோமே, அதேதான். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் புல்வெளியில் சிவப்புக் கொடி ஏறும். அன்றைக்கு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

கழற்றி வைத்த மின்டன் ஓடுகளைச் சுத்தம் செய்து, உடைந்தவற்றுக்கு மாற்றுச் செய்து, 2007ல்தான் திரும்பக் கூரையில் ஏற்றினார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் அவை காத்திருந்தன.

இதற்கெல்லாம் பணம்? பெரும்பகுதி நன்கொடை. 2012ல் ஜான் பால்சன் என்ற நிதி முதலீட்டாளர் ஒருவரே 10 கோடி டாலர் கொடுத்தார். பூங்கா இன்னும் நகரத்தின் சொத்துதான். ஆனால் சுற்றிலும் கோடீஸ்வரர்கள் குடியிருக்கும் பூங்காவுக்கு இப்படிப் பணம் கொட்டும், பிராங்க்ஸ் பகுதியின் ஏழைத் தெருவில் இருக்கும் சின்னப் பூங்காவுக்கு யார் கொடுப்பார்கள் என்று அந்த ஊரிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வடகோடியில் ஹார்லெம் பக்கம் 1966ல் ஓடையை மறித்துக் கட்டிய ஒரு சறுக்குத் திடலை இடித்து, 2025ல் ஓடையை மறுபடி குளத்தோடு சேர்த்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் இப்போது நல்ல நீச்சல் குளமும் புல்வெளியும் கிடைத்திருக்கின்றன.

செனிகா வில்லேஜ் என்ன ஆனது? நூறு வருஷத்துக்கும் மேல் யாரும் பேசவில்லை. பிறகு ஆய்வாளர்கள் பழைய வரைபடங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் தேடினார்கள். 2011ல் அகழாய்வு நடந்தது. புல்லுக்கு அடியில் ஒரு வீட்டின் கல் அஸ்திவாரம் அப்படியே இருந்தது. இரும்புத் தேநீர்க் கெட்டில் ஒன்றும், ஒரு குழந்தையின் செருப்பின் தோல் அடிப்பாகமும் கிடைத்தன. பொட்டல், குடிசைவாசிகள் என்று பத்திரிகைகள் எழுதிய அதே இடத்தில்தான்.

2019ல் அந்த இடத்தில் ஊரின் கதையைச் சொல்லும் பலகைகள் வைத்தார்கள். ஆகவே, படம் போட்ட என் மாணவிக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை போகும்போது ஏரியோடு திரும்பிவிடாதே அம்மா. மேற்குப் பக்கமாக 82லிருந்து 89ஆம் தெரு வரை நடந்து பார். பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்துக் குழுவில் போடு. கண்ணாடி மாற்றிவிட்டேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்கிறேன்.