சைபீரியக் காட்டுப் பறவைக்கு வாலாஜாபாத் ஏரியில் என்ன வேலை?

ஒரகடத்துக்கு ஷிப்ட் பஸ்கள் கிளம்பும் அதிகாலை நேரம். வாலாஜாபாத் பக்கத்து ஏரி ஓரத்தில், வாலை ஆட்டியபடி சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பறவை, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்ததாக இருக்கலாம். பெயர், பொரி உள்ளான்.

எங்கிருந்து வருகிறது?

ஸ்காண்டிநேவியா முதல் சைபீரியா வரை நீளும் ஊசியிலைக் காடுதான் 'தைகா'. அங்குள்ள சதுப்புகளில் கோடையில் இது குஞ்சு பொரிக்கும்.

ஏன் கிளம்புகிறது?

குளிர் தாங்காமல் அல்ல, சாப்பாட்டுக்காக! பனிக்காலத்தில் தைகாவின் சேறு உறைந்து கல்லாகிவிடும். அலகால் புழு, பூச்சி தேட வழியில்லை. சைபீரிய ஜே போன்ற பறவைகள் மட்டும், இலையுதிர் காலத்திலேயே மரப்பட்டை இடுக்குகளில் உணவை ஒளித்து வைத்து அங்கேயே சமாளிக்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

• சுமார் 20 செ.மீ. நீளம்
• பழுப்பு முதுகில் பொரி தூவியதுபோல வெளிர் புள்ளிகள்
• கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு
• மஞ்சள் கலந்த கால்கள்
• பறக்கும்போது வால் பக்கம் பளிச்சென வெள்ளை

எப்போது பார்க்கலாம்?

மழை முடிந்ததும் ஏரி நிரம்பியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும்போது பார்ப்பது சுலபம். காலை 6 முதல் 9 மணி வரை நல்ல நேரம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கிட்டே போனால் சட்டுனு பறந்துவிடும். பைனாகுலர் இருந்தால் நல்லது.

வேடந்தாங்கல் பறவைகளும் இப்படித்தானா?

அங்கே மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் நம்ம நாட்டுப் பறவைகள்தான். சைபீரியாவில் இருந்து வருபவை இங்கே கூடு கட்டாது. அதனால், 'கூட்டைக் காணோம், பறவையே வரலை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

என்ன ஆபத்து?

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சரணாலயங்கள். 2022-ல் ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. சாதாரண ஏரிகளுக்கு அந்தக் காவல் இல்லை. உள்ளான் பொதுவாக நீந்தி இரை தேடுவதில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும்தான் அதன் சாப்பாட்டுத் தட்டு. ஏரியில் தண்ணீர் இருந்தாலும், கரையோரம் மண்ணோ குப்பையோ கொட்டப்பட்டால் அந்தத் தட்டு காலி.

நாம் என்ன செய்யலாம்?

பார்த்த பறவை, எண்ணிக்கை, இடம், தேதி ஆகியவற்றை இலவச 'இ-பேர்ட்' ஆப்பில் பதிவு செய்யலாம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் சேரலாம். ஓர் ஏரிக்குப் பறவை வருகிறது என்பதற்கு அந்தப் பதிவுதான் ஆதாரம்.