பள்ளிவாசல் ஹவுளும் அதன் மீன்களும்

பள்ளிவாசல் முற்றத்தில் ஹவுள் அமைப்பது தொன்மையான மரபாகும். நீர்த்தொட்டியைக் குறிக்கும் இவ்வரபுச் சொல்லைத் தன் பெயரில் தாங்கியே, சுல்தான் இல்துத்மிஷ் 1230ஆம் ஆண்டளவில் (ஹிஜ்ரி 627) டில்லி மெஹ்ரவ்லியில் வெட்டுவித்த ஹவ்ஸே ஷம்ஸி என்னும் பெருங்குளம் இன்றும் விளங்குகிறது. தமிழகத்தின் பழைய பள்ளிவாசல்களில், உளூச் செய்வதற்கென அமைந்த ஹவுள்களில் மீன்கள் நீந்துவதை நாம் கண்டிருக்கிறோம். அவை வெறும் அழகுக்காக விடப்பட்டவை அல்ல.

ஹவுளின் அளவை வகுத்தது மார்க்கச் சட்டமேயாகும். தேங்கிய நீர் குறைவாயின், அசுத்தம் விழுந்த உடனே தூய்மை இழக்கும். மிகுதியாயின், நிறம், சுவை, மணம் மாறாதவரை இழக்காது. அம்மிகுதிக்கு ஹனஃபி நூல்கள் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் கூறுகின்றன. ஷாஃபிஈ நூல்கள் கூறும் இரண்டு குல்லத் என்பது நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழமாகும். மீன் நீரிலேயே இறப்பினும் அதனால் மட்டும் நீர் அசுத்தமாவதில்லை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

வெப்பநாட்டில் இவ்வகலம் இன்னொரு பயனையும் தந்தது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே ஏற்கும். காற்றுடன் கலக்கும் பரப்பு விரிந்திருந்தால்தான் மீன் மூச்சுத் திணறாது. சட்டம் கேட்ட அகலமே மீனுக்கு மூச்சாயிற்று. மேற்கூரையின் நிழலோ வெப்பத்தைத் தணித்துப் பாசியையும் கட்டுப்படுத்தியது.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதன்பின் கொசுப்புழுவை உண்ணும் கம்பூசியா மீன் 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த அயல்மீன் உள்நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் விழுங்குவதை இன்று அறிகிறோம். தலையில் வெண்புள்ளி ஒளிரும் நம் வயல்நீர் மீனான முண்டக்கண்ணியோ அப்பணியைத் தீங்கின்றிச் செய்ய வல்லது.

இன்று பல ஊர்களில் குழாய்கள் ஹவுளின் இடத்தைப் பிடித்துவிட்டன. குழாயை நாம் குறைகூறவில்லை. ஆனால், கைவிடப்பட்டு மீனின்றித் தேங்கும் ஹவுள் டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தொட்டிலாகும். எஞ்சியுள்ள ஹவுள்களை உள்நாட்டு மீன்களோடு பேணுவது, தூய்மையைக் காத்த முன்னோருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.