குளிரும் பேணலும்: வளிச்சீராக்கிப் பராமரிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவகத்துக்குச் செல்வோர் கடலைக் கடந்ததும் முதலிற் காணும் ஊர்களுள் அல்லைப்பிட்டியும் ஒன்று. வரலாற்று மாணவர் இவ்வூரை அறிந்திருப்பது பெரும்பாலும் மட்பாண்டங்களினாலேயே. 1970களின் பிற்பகுதியில் இங்குக் கண்டெடுக்கப்பட்ட சீன மட்பாண்டத் துண்டுகள் வட சொங் அரசமரபின் காலத்தைச் (960-1127) சார்ந்தவை என இனங்காணப்பட்டன. 2018இல் சங்காய் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் இங்கு அகழாய்வு நடத்தினர். உடைந்த பாண்டம் மண்ணுட் பல நூற்றாண்டு கிடந்தும் சான்றாக நிலைக்கின்றது. அதே மண்ணில் ஆண்டுதோறும் கூரை வேய்ந்தவனின் உழைப்போ ஒரு துண்டையேனும் விட்டுச் செல்வதில்லை. ஆக்கியவனைப் போற்றும் வரலாறு பேணியவனை மறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அவ்வாறு மறக்கப்பட்ட உழைப்பொன்றினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடைகள், வங்கிகள், மருந்தகங்கள், விடுதிகள் ஆகியவற்றிற் பொருத்தப்பட்டுள்ள வளிச்சீராக்கிகளை, பேச்சுவழக்கில் 'ஏசி' எனப்படுபவற்றை, காலந்தவறாது கழுவியும் சோதித்தும் இயங்கச் செய்யும் தொழிலையே ஈண்டுக் கருதுகின்றேன். இத்தலைப்பைக் கேட்ட நண்பரொருவர், இது பொறியியற் பீடத்தாருக்கு உரியதன்றோ என நகைத்தார். இயந்திரம் அவர்களுக்கு உரியதாகலாம். அதனைப் பேணும் மனிதர் எமது பீடத்துக்கும் உரியவரே.

குளிர்மையைப் பேணுதல் எமது மக்களுக்குப் புதியதன்று. பனையோலையால் வேய்ந்த வீடு வெயிலை உள்ளே விடாது. ஆயின் அவ்வோலை உக்கிவிடும் தன்மையது. எனவே மாரி தொடங்குமுன் பழைய ஓலையை இறக்கிப் புதிய ஓலை வேய்வது குடும்பத்தினதும் அயலினதும் கடமையாக இருந்தது. இறக்கிய ஓலையும் வீணாகவில்லை. தோட்ட நிலத்திற் புதைக்கப்பட்டுப் பசளையாயிற்று. கூரையைப் பேணுதலும் மண்ணைப் பேணுதலும் ஒரே வேலையின் இரு முகங்களாக இருந்தன எனலாம். கல்வீடும் ஓடும் வந்தபோது கூரை நிலைத்தது. கூலியும் ஓலையும் மிஞ்சின. வெப்பம் மட்டும் உள்ளே வந்தது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் குளிர்மை அதிகாரத்தின் அடையாளமாகியது. கச்சேரியிலும் நீதிமன்றிலும் அதிகாரியின் தலைக்கு மேலே தொங்கிய பங்காவை, வெளியே விறாந்தையில் இருந்து ஒருவன் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கை ஓய்ந்தால் காற்றும் ஓயும். பனிக்கட்டி வாணிகத்திலும் இந்நிலையே காணப்பட்டது. 1833இல் பொஸ்ரன் நகரத்து வணிகரான பிரெடெரிக் ரியூடர் அனுப்பிய கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. வந்து சேர்ந்தது அதில் ஏறத்தாழ 100 தொன். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவ்வாணிகத்துக்கென எழுப்பப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. அக்கட்டடத்தைப் பற்றி எழுதுவோர் ரியூடரையும் விவேகானந்தரையும் குறிப்பிடத் தவறுவதில்லை. பனிக்கட்டி கரையாது காத்த கூலியாட்களை யாரும் பெயர் சொல்வதில்லை.

நவீன வளிச்சீராக்கி மனிதருக்காகத் தோன்றியதன்று, கடதாசிக்காகத் தோன்றியது என்பது வியப்புக்குரியது. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில் ஈரப்பதன் மாறுந்தோறும் கடதாசி விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் பொருந்தாது போயின. இதற்குத் தீர்வு காண முற்பட்ட இளம் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் காற்றின் ஈரத்தையே கட்டுப்படுத்தும் அமைப்பொன்றை வகுத்தார். பின்னர் ஆலைகளிலும், 1920களிற் படமாளிகைகளிலும் இது பரவியது. முதலாளியின் சரக்கைக் காக்க வந்த குளிர், வாடிக்கையாளரைக் கடைக்குள் நிறுத்தும் கருவியாகவும் மாறியது.

இதன் இயக்கத்தைச் சுருக்கமாகக் கூறின், குளிராக்கும் வாயுவொன்று அடைபட்ட குழாய்களிற் சுற்றி வருகின்றது. அறைக்குள் உள்ள சுருளில் அது திரவநிலையிலிருந்து ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. கொம்பிரசர் அதனை அமுக்கி வெளியேயுள்ள சுருளுக்குத் தள்ள, அங்கு அது மீண்டும் ஒடுங்கி வெப்பத்தை வெளியே விடுகின்றது. ஆகவே இவ்வியந்திரம் குளிரைப் படைப்பதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகின்றது. இரு சுருள்களினூடும் காற்றுத் தடையின்றிச் செல்லும்வரையே இது நடைபெறும். வடியில் தூசி படிந்தால் காற்றுக் குறையும். உட்சுருளில் உறைபனி படியும். கொம்பிரசர் ஓயாது உழைத்து ஈற்றில் எரிந்துபோம். தூசியடைந்த வடியை மாற்றுவதால் மட்டும் மின் நுகர்வில் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சப்படலாம் எனக் கணித்துள்ளனர். காற்றிலிருந்து வடியும் நீரைக் கொண்டுசெல்லும் குழாயில் பாசி அடைத்தால் நீர் சுவர்வழியே இறங்கும். வடியைக் கழுவுதல், சுருளைத் துப்புரவு செய்தல், வடிகுழாயை ஊதிவிடுதல், மின் இணைப்பை இறுக்குதல், வாயுவின் அழுத்தத்தை அளத்தல்: பராமரிப்பு என்பது இவ்வளவே. இவ்வளவும் திரும்பத் திரும்பச் செய்யப்பட வேண்டும் என்பதிலேதான் அதன் சுமை உள்ளது.

இவ்வேலை உயிர்ப்பிரச்சினையும் ஆகும் என்பதை உலகுக்கு உணர்த்தியது 1976ஆம் ஆண்டு யூலையில் பிலடெல்பியாவில் நேர்ந்த துயரமாகும். அமெரிக்க முன்னாட் படைவீரர் சங்கம் அங்கு பெலவியூ ஸ்ராட்போர்ட் என்னும் விடுதியில் மாநாடு நடத்தியது. மாநாடு முடிந்தபின் பலர் கடுஞ் சுவாச நோய்க்கு ஆளாயினர். 34 பேர் இறந்தனர். ஆறு மாதங்களின் பின்னரே, 1977 சனவரியில், அந்நோய்க்குக் காரணமான பற்றீரியா இனங்காணப்பட்டது. படைவீரரின் பெயராலேயே அது 'லெஜியோனெல்லா' எனப் பெயர் பெற்றது. பெருங் கட்டடங்களின் வளிச்சீராக்கல் அமைப்பிலுள்ள குளிராக்கும் கோபுரத்து நீர் இதற்கு உறைவிடமாகலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிறு கடைகளிற் பூட்டப்படும் இயந்திரங்களுக்கு அத்தகைய கோபுரம் இல்லை. ஆகவே வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் அதுவரை 'கூரைக்கு மேலே யாரோ பார்த்துக்கொள்ளும் வேலை' எனக் கருதப்பட்ட ஒன்று பொதுச் சுகாதாரத்தின் பகுதியாக மாறியது அந்நிகழ்ச்சியின் பின்னரேயாகும்.

இரண்டாவது திருப்பம் வாயுவினால் வந்தது. தொடக்கத்தில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலிய நச்சு வாயுக்களே பயன்பட்டன. 1928இல் தோமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஆக்கிய புதிய வாயு நஞ்சற்றது, தீப்பற்றாதது. ஆகவே திருத்துபவர் பழைய வாயுவைத் திறந்துவிட்டுப் புதியதை நிரப்புவது எங்கும் வழக்கமாயிற்று. எவருக்கும் அதிற் கேடு தோன்றவில்லை. 1974இல் மொலினாவும் ரோலண்டும் இவ்வகை வாயுக்கள் வானத்தின் ஓசோன் படையை அழிக்கும் எனக் காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே அப்படை மெலிந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987 செப்டெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை உருவாகியது; இலங்கை 1989இல் அதில் இணைந்தது. 2016இல் கிகாலியிற் செய்யப்பட்ட திருத்தம் புவி வெப்பமடைதலுக்குக் காரணமாகும் வாயுக்களையும் உள்ளடக்கியது. எமது நாட்டிற் பல பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 என்னும் வாயுவும் வளர்முக நாடுகளில் 2030 அளவில் ஒழிக்கப்படவேண்டியது. இவ்வொப்பந்தங்களில் அமைச்சர்கள் கைச்சாத்திட்டனர். ஆனால் வாயுவைக் காற்றில் விடாது உருளைக்குள் மீட்டெடுக்கும் அலுப்பான வேலை, ஏணியில் நிற்கும் இளைஞனின் கைக்கே வந்து சேர்ந்தது. மீட்டெடுக்கும் கருவிக்கு அவன் பணம் செலவிட வேண்டும்; திறந்துவிடுவதற்கோ செலவில்லை. உடன்படிக்கையின் வெற்றி தோல்வி இவ்விடத்திலேயே தங்கியுள்ளது என்பது எனது கருத்து.

இனி எமது பிரதேசத்துக்கு வருவோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழமையான மின்வழங்கல் இல்லாதொழிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்டைதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளில் இராணுவம் இறங்க, தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அக்காலத்திற் குடாநாட்டில் வளிச்சீராக்கியைப் பற்றிப் பேசுவாரில்லை. ஆயினும் பராமரிப்பு என்னும் கலை உச்சம் பெற்றது அப்போதுதான். போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கு, துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலி ஆகியன அக்காலத்துக் கதைகளாக எம் பெற்றோரால் இன்றும் சொல்லப்படுகின்றன. பொருளாதாரத் தடை புதியதை வாங்கவிடவில்லை. ஆகவே உள்ளதைப் பேணவேண்டியதாயிற்று. மறுபுறத்தில், ஆளின்றிக் கிடந்த தீவக வீடுகள் பேணலின்மை என்ன செய்யும் என்பதற்குச் சான்றாயின. கூரை இறங்கியது; சுவருக்குள் ஆலும் அரசும் வேரோடின. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி மக்கள் மீண்டும் ஊரைவிட்டு ஓடவேண்டி நேர்ந்தது.

2009இன் பின்னர் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பேரங்காடிகளும் வடக்கில் பெருகின. அவற்றோடு வளிச்சீராக்கியும் வந்தது. அதனைப் பேணுவோருள் ஒருவர் எங்கள் அயலவர். மத்திய கிழக்கிற் சில ஆண்டுகள் இத்தொழிலைச் செய்து திரும்பியவர். அவரோடு ஒரு விடுமுறையில் உதவியாளாகத் திரிந்ததாலேயே இக்கட்டுரையை எழுத எண்ணினேன். தீவகத்து இயந்திரங்களுக்குத் தூசியைவிட உப்பே பகை என்பார் அவர். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து வெளிச்சுருளிற் படிகின்றது. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் பொருந்துமிடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும்; தகடுகள் வெண்மாவாக உதிரும். தடுக்கும் வழி எளிது: அடிக்கடி நன்னீராற் கழுவிவிட வேண்டும்.

ஆனால் நன்னீருக்கு எங்கே போவது? தீவகத்தின் பெரும் பற்றாக்குறை அதுவேயன்றோ. மழைநீர் மண்ணுக்குள் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கின்றது; கோடையில் அதிகமாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். பவுசரில் வரும் குடிநீருக்காகக் காத்திருக்கும் ஊரில், கடையின் குளிருக்காக இரண்டு வாளி நன்னீரைச் சுவரில் ஊற்றுவதை அயலார் எவ்வாறு பார்ப்பர்? ஒருமுறை ஒரு மூதாட்டி நேரே கேட்டும் விட்டார். எங்கள் அயலவர் மறுமொழி கூறவில்லை. மறுநாளிலிருந்து, உள்ளே இயந்திரம் காற்றிலிருந்து பிரித்து வெளியேற்றும் நீரை வாளியிற் பிடித்துச் சேர்க்கலானார். அது குடிப்பதற்கு ஏற்றதன்று, உப்பற்றது. அந்நீராலேயே வெளிச்சுருளை இப்போது கழுவுகின்றார்.

அவர் பேணும் ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு மட்டை ஒட்டப்பட்டுள்ளது. கழுவிய நாள், அளந்த அழுத்தம், தன் கையெழுத்து ஆகியவற்றைப் பேனையால் எழுதிவைப்பார். கடையொன்றில் அம்மட்டையை நான் வரலாற்று மாணவனுக்குரிய ஆர்வத்துடன் வாசித்தேன். 2020இல் ஊரடங்கின் மாதங்கள் வெறுமையாக உள்ளன. 2022இன் முற்பகுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் இடைவெளி காணப்படுகின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் ஏறியபின் மட்டும் பதிவுகள் நெருங்கி வருகின்றன. வடி அடைந்தால் எவ்வளவு பணம் போகும் என்பதைக் கடைக்காரரும் அப்போது உணர்ந்திருக்க வேண்டும். உப்புக் காற்றில் அம்மட்டையின் ஓரம் ஏற்கெனவே உரிந்துவிட்டது. அதன் படியொன்றை எழுதித் தரும்படி கேட்டபோது, "அது எதற்குத் தம்பி, அடுத்த மாதம் புதிது ஒட்டப்போகிறேன்" என்றார். பழையதைக் கிழித்தெறியாது எனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டேன்.