ஏனாமுக்குப் போகும் வழி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஆறு மாதம் அங்கே போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். 2021-இல் நானும் என் மனைவியும் சில மாத இடைவெளியில் ஓய்வு பெற்றோம். கொரோனாக் கெடுபிடியெல்லாம் அடங்கிய பிறகு, காரிலேயே எங்காவது நீண்ட பயணம் போகலாம், எங்கே என்று நீயே சொல் என்றேன். யோசிக்காமல், "ஏனாம்" என்றாள்.

"காஷ்மீர் சொல்லுவேன்னு பாத்தா ஏனாமா?"

"ரெண்டு வருஷம் நான் தனியா கெடந்த ஊருங்க. ஒரு தடவயாவது நீங்க வந்து பாக்க வேணாமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1999-இல் அவளுக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. ஆங்கில ஆசிரியை. பிறந்தது பாகூர், வாழ்க்கைப்பட்டது வில்லியனூர். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும். என் அம்மா படுத்த படுக்கை. நான் வருவாய்த்துறையில் எழுத்தர். சென்னை போய் சர்க்கார் எக்ஸ்பிரஸ் பிடித்து, காக்கிநாடாவில் இறங்கி, அங்கிருந்து பஸ். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவாள். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அம்மாவைக் காரணம் சொன்னேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை.

புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை. வெளியூர் ஆட்களுக்குத்தான் விளக்க வேண்டும். எங்கள் ஆட்சிப்பகுதி நான்கு துண்டு. புதுச்சேரி, தெற்கே சோழநாட்டுக் கரையில் காரைக்கால், மேற்கே சுமார் 650 கிலோமீட்டரில் கேரளத்துக்குள் மாஹே, வடக்கே சுமார் 840 கிலோமீட்டரில் ஆந்திரத்தின் கோதாவரி முகத்துவாரத்தில் ஏனாம். மூன்று மொழி, இரண்டு கடல், ஒரு சட்டசபை. 30 தொகுதிகளில் மாஹேவுக்கு ஒன்று, ஏனாமுக்கு ஒன்று. மாற்றல் உத்தரவில் எல்லாம் ஒரே ஊர் மாதிரி ஒரே வரியில் இருக்கும்.

போவதென்றால் நான்கையும் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். பழைய மாருதி, பிஒய் 01. போக வர மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வேறு மாநிலங்களின் வழியாகவே ஓட்டி நம் அரசாங்கத்தைச் சுற்றிப் பார்க்கிற விசித்திரம் வேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கிளம்பிய நாள் பாகூரில் மாமனார் வீட்டில் காலைப் பலகாரம். ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். இந்த ஊருக்கு ஒரு செப்பேடு உண்டு. 1879-இல் கிடைத்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று கிராமங்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தக் கிராமங்களின் வருவாயில் இங்கே வாத்தியார்களும் மாணவர்களும் சாப்பிட்டார்கள். "அந்தக் காலத்துல வாத்தியாருக்குச் சோறு ஊருக்கே வந்துச்சு, எனக்குத்தான் சோறு தேடி ஆந்திரா போற விதி" என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கிராமத்தைக் கொடுப்பது என்றால் என்ன என்பதை இந்தச் செப்பேட்டில் புரிந்துகொண்டால், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கதையும் எளிதாகப் புரியும். 1749-இல் ஆம்பூர்ப் போரில் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் உதவியோடு ஜெயித்தார்கள். அதற்குக் கைம்மாறாக வில்லியனூரும் பாகூரும் அவற்றைச் சேர்ந்த கிராமங்களும் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போயின. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் சோறு போட வயல் வேண்டும், அதுதான் கணக்கு. மூன்றே வருடத்தில், 1752-இல், அதே பாகூரில் ஆங்கிலேயன் லாரன்ஸ் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தான். 1761-இல் புதுச்சேரியே விழுந்து, நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது, மறுபடி போனது. 1783 வெர்சாய் உடன்படிக்கையில்தான், புதுச்சேரியைச் சுற்றிய சார்பு நிலமாக வில்லியனூர், பாகூர் இரண்டையும் தருவதாக இங்கிலாந்து அரசர் பெயரால் எழுதிக்கொடுத்தார்கள். காரைக்காலுக்கும் அதே தாளில் நான்கு மாகாணிகள். பாரிஸுக்குப் பக்கத்து அரண்மனையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்த ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

கொடுக்கப்பட்டவை கோடு போட்டு அளந்த நிலப்பரப்பு அல்ல, வரி கட்டும் கிராமங்கள். நவாபின் கணக்கில் எந்தக் கிராமம் எந்தத் தலைப்பில் இருந்ததோ, அந்தக் கிராமம் அந்தப் பக்கம் போயிற்று. அதனால்தான் எங்கள் வரைபடம் எலி கடித்த வேட்டி மாதிரி இருக்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போய்ப் பாருங்கள். அரியூர் எங்களுடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு மறுபடி எங்களுடையது, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. அரை மணி நேரத்தில் எத்தனை எல்லை! கல்லோ பலகையோ தேட வேண்டாம். வரிசையாக ஒயின் ஷாப்பும் பெட்ரோல் பங்கும் வந்தால் புதுச்சேரி, திடீரென்று நின்றுபோனால் தமிழ்நாடு. இப்போது இது வேடிக்கை. 1949-இல் சுங்க உடன்பாடு முடிந்து இந்திய அரசு சோதனைச் சாவடிகளை இறுக்கியபோது வேடிக்கையாக இல்லை. என் மாமியார் கல்யாணப் புடவையோடு வண்டியில் வந்தபோது அதை அவிழ்த்து உதறிப் பார்த்தார்களாம். பக்கத்து ஊரிலிருந்து பாகூருக்கு வந்த பெண் அவர். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவார்.

காரைக்காலுக்கு நேராகத் தெற்கே போயிருக்கலாம். நான்தான் முதலில் எதிர்த்திசையில் கீழூருக்கு வண்டியைத் திருப்பினேன். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. மாஹேயும் ஏனாமும் இந்த வாக்கெடுப்பில் இல்லை. ஏனாம் ஜூன் 13-லும் மாஹே ஜூலை 16-லும் முன்பே விடுபட்டுவிட்டன. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி முடிந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு: இந்தப் பகுதிகளின் அமைப்பை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பம் தெரிந்துதான் மாற்ற வேண்டும். நான்கு துண்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வாசகத்தின் பலத்தில்.

"அப்ப 1979?" என்று கேட்டாள். மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தது. ஜனவரியில் ஊரே தெருவுக்கு வந்தது, துப்பாக்கிச் சூடுவரை போனது. பேச்சு அதோடு நின்றது. அவள் அப்போது கல்லூரி மாணவி.

"நானும் ஊர்வலத்துல போனேன். சேக்கக் கூடாதுன்னு தொண்ட கிழிய கத்தினேன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பாத்தீங்களா, ஏனாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர எனக்கு நானேதான் போட்டுக்கிட்டேன்."

இருவரும் சிரித்தோம். இணைத்திருந்தால் அவள் ஏனாமுக்குப் போயிருக்க மாட்டாள். ஆனால் எனக்கும் அவளுக்கும் வேலையும் கிடைத்திருக்குமா? சிறிய அரசாங்கம் என்பதால்தான் பாகூர்ப் பெண் ஒருத்தியும் வில்லியனூர்ப் பையன் ஒருவனும் அரசு வேலைக்குள் நுழைய முடிந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காரைக்கால் எங்களுக்குப் பழகிய ஊர், ஒரு இரவு தங்கினோம். மாஹே சேர மூன்று நாள். அறுபதுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை, இருட்டினால் வண்டியே எடுப்பதில்லை. 9 சதுர கிலோமீட்டர் ஊர், அதுவும் மய்யழிப் புழையின் இரு பக்கமாகக் கிடக்கிறது. அங்கேயும் பெட்ரோலுக்குக் கேரள வண்டிகளின் வரிசை. எங்கள் வண்டி எண்ணைப் பார்த்து ஒரு ஓட்டல்காரர், "சொந்த ஊர்க்காரரா?" என்று மலையாளத்தில் விசாரித்தார். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வந்து வீட்டில் ஒரு வாரம் இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுபடி வடக்கே கிளம்பினோம். ஓங்கோலுக்கு அப்பால் கடலோரச் சாலை. அமலாபுரம் தாண்டி எதுர்லங்காவில் கோதாவரிப் பாலம் ஏறினோம். "2002-லதான் இதத் தொறந்தாங்க. நான் வந்துட்ட அடுத்த வருஷம். நாங்கெல்லாம் படகுலதான் இந்தாண்டயிருந்து அந்தாண்ட போவோம்" என்றாள். பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள்.

ஏனாமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. ஆங்கில இந்தியாவில் 1929-இல் சாரதா சட்டம் வந்து குழந்தைத் திருமணத்தைத் தடுத்தபோது, சட்டம் எட்டாத இந்தப் பிரெஞ்சு மண்ணுக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து தாலி கட்டினார்கள். எல்லை என்பது எல்லோருக்கும் எதற்காவது உதவியிருக்கிறது, அந்தச் சிறுமிகளைத் தவிர. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்கவில்லை. செவ்வாய்ச் சந்தை, வாடகை அறை இருந்த சந்து, காசு போட்டுப் போன் பேசுவதற்கு வரிசையில் நின்ற கடை என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். அறை இருந்த இடத்தில் மாடி வீடு. போன் கடை செல்போன் கடையாகிவிட்டது. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வில்லியனூர் வீட்டில் போன் அடிக்கும். பிள்ளைகள் பேசி முடித்த பிறகு எனக்கு இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும். அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா என்று கேட்பாள்.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி தடுத்தார். அவர் தெலுங்கில் ஏதோ கேட்க, இவள் தெலுங்கில் பதில் சொன்னாள். ஒன்றிரண்டு வார்த்தை இல்லை. கையை ஆட்டி, சிரித்து, தலையில் அடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம். அவரும் சிரித்தார், ஒரு பெயரைச் சொன்னார், இவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்குத் தெலுங்கு பேசத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"என்னா சொல்றாரு?" என்றேன்.

"அப்புறம் சொல்றேன், இருங்க" என்று கேட்டுக்குள் போனாள்.