அறுபடை வீட்டுக் குழுப் பயணம்: பெரிய பெட்டிக்கு முன் சின்னப் பையைக் கட்டுங்கள்

ஆண்டு இறுதி நெருங்கினாலே கோயில் அறிவிப்புப் பலகையிலும் புலனக் குழுக்களிலும் அறுபடை வீட்டுப் பயண விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். திருச்சியில் இறங்கி, பழனி, திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, திருச்செந்தூர், சுவாமிமலை, திருத்தணி என்று ஒரு வாரம் பத்து நாள் பேருந்திலேயே சுற்றி வரும் பயணம் அது. பிள்ளைகள் பணம் கட்டி அம்மாவையோ பாட்டியையோ அனுப்பி வைப்பதும் அதிகம். முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

இப்படிப் போகிறவர்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பெரிய பெட்டியைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். எத்தனை சேலை, எத்தனை பொட்டலம் மிலோ என்று கணக்குப் போடுவார்கள். உண்மையில் அந்தப் பெட்டி பகல் முழுவதும் பேருந்தின் அடியறையில் கிடக்கும். கூட்டத்திலும் வரிசையிலும் படியிலும் கூட இருப்பது தோளில் மாட்டிய சின்னப் பைதான். அதில் இருக்க வேண்டியதை முதலில் பார்த்துவிடுவோம்.

கைப்பேசி இல்லாத நேரம்

தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018-இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகே அங்கே கைப்பேசி கூடாது என்றாகிவிட்டது. பெரிய கோயில்களில் வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு வில்லை தருவார்கள். “தொலைந்துபோனால் போன் பண்ணு, அம்மா” என்று இங்கிருந்து சொல்லி அனுப்பும் யோசனை, ஒருவர் தொலைந்துபோகக் கூடிய அதே இடத்தில்தான் பயன்படாமல் போகிறது.

ஆகவே ஓர் அட்டை எழுதுங்கள். பயணியின் பெயர், தங்கும் விடுதியின் பெயரும் ஊரும், குழு வழிகாட்டியின் இந்தியக் கைப்பேசி எண், பேருந்து எண், சாப்பிடும் மருந்து, மலேசியாவில் உள்ள பிள்ளையின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். மலேசிய எண்ணுக்கு முன்னால் +60 சேர்த்து எழுதுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் பூக்கடைக்காரரும் படிப்பார், காவலரும் படிப்பார். விடுதி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அந்த இடத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். அட்டையைக் கழுத்தில் மாட்டலாம், அல்லது சுருக்குப் பையில் வைக்கலாம். கைப்பேசி உறையில் மட்டும் வைக்காதீர்கள். உறையும் கைப்பேசியோடு வாசலில் தங்கிவிடும்.

மதுரைக் கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். செருப்பு ஒரு பக்கம் கிடக்கும், கூட்டம் நம்மை வேறு பக்கம் கொண்டுபோய் விடும். உள்ளே போகும் முன்பே “எந்தக் கோபுர வாசலில், எத்தனை மணிக்கு” என்று வழிகாட்டியிடம் கேட்டு, அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் விட்டுப்போனவர்கள் இந்தப் பத்து நாளுக்காவது கட்டிக்கொள்ளலாம்.

மருந்தும் காலும்

மருந்து பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. பயண நாளுக்கு மேல் ஐந்து நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் மாதக் கணக்கில் மருந்து வாங்குகிறவர்கள் பயணத் தேதியைச் சொல்லி முன்கூட்டியே கேட்க வேண்டும். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். இங்கே ஒரு வணிகப் பெயரில் வரும் மருந்து அங்கே வேறு பெயரில் இருக்கும். மருந்தின் மூலப்பெயரும் அளவும் உள்ள சீட்டு கையில் இருந்தால் எந்த மருந்துக்கடையிலும் புரிந்துகொள்வார்கள். இன்சுலின் சரக்கறையில் உறைந்துபோகக் கூடும். அதனால் அது கைப்பையில்தான் வர வேண்டும். வெயிலில் நிறுத்திய பேருந்திலும் அதை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே காலை எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறவருக்கு அங்கே அது விடியற்காலை ஐந்தரை. பல கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவதால் குழுப் பேருந்துகள் இருட்டோடு புறப்பட்டுவிடும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற குழப்பத்தை மருத்துவரிடம் இங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பையில் நாலு மிட்டாயும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இருக்கட்டும். விரதம் என்று சொல்லி வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிட முடியாது.

பத்துமலையில் 272 படி. பழனியில் 693, திருத்தணியில் 365, சுவாமிமலையில் 60. பழனியில் இழுவை ரயிலும் கம்பி ஊர்தியும் உண்டு. ஆனால் கம்பி ஊர்தி பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிறுத்தப்படும், பலத்த காற்றிலும் நிற்கும். கார்த்திகை முதல் தைப்பூசம் வரை மாலை போட்டவர்களின் கூட்டத்தில் அதற்கும் வரிசை நீளம். முட்டிவலிக்காரர்கள் இதை நம்பி மட்டும் போகாமல், ஒரு மாதம் முன்பிருந்தே அடுக்குமாடிப் படியில் ஏறி இறங்கிப் பழகலாம்.

செருப்பில்லாமல் கல் தரையில் நடப்பது பலரும் நினைக்காத தொல்லை. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறுமுன் பிரகாரம் சுற்றிவிட வேண்டும். தினமும் இரவில் உள்ளங்காலை யாராவது விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்த புண் ஊர் திரும்பியபின் மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும்.

பெயரும் பணமும்

கடப்பிதழுக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும். புதிதாக எடுக்க 200 ரிங்கிட். 60 வயதானவர்களுக்கு 100. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் குடிமக்கள் அல்லர் என்பதால் வழக்கமான மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. தோட்டத்து மூத்தவர்களில் இப்படி இன்னும் பலர் இருக்கிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே குடிநுழைவுத் துறையில் விசாரித்துவிடுங்கள்.

பெயர் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்தில் தோட்டக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் பலருக்கு இன்றும் ஆவணப் பெயர். ஒரே லட்சுமிக்கு நாலு எழுத்துக்கூட்டல் உண்டு. போதாக்குறைக்கு ஏ/எல், ஏ/பி வேறு. அந்தச் சாய்கோட்டை விமானச்சீட்டுப் படிவமும் விசா படிவமும் ஏற்பதில்லை. அதனால் பெயரைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். கடப்பிதழின் படப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்து, சீட்டும் விசாவும் வந்ததும் அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்திய மின்விசாவுக்கு அரசாங்க இணையத்தளம் ஒன்றுதான். அதேபோலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் பிடுங்கும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் மின்வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்திலேயே நிரப்பிவிடலாம். இரண்டையும் தாளில் அச்சிட்டுக் கொள்ளுங்கள். கடப்பிதழின் பிரதி ஒன்று பெரிய பெட்டியிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். தொலைந்தால் சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் உண்டு, பிரதி இருந்தால் அங்கே வேலை சுலபம்.

பணம் கட்டும் நிறுவனத்துக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் யோசியுங்கள். ஏமாற்றம் நேர்ந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரசீது இல்லாமல் தெரிந்தவர் கையில் கொடுத்த பணத்துக்கு அங்கே போய் எதைக் காட்டுவது?

அலமாரியில் பழைய இந்திய நோட்டு இருந்தால் எடுத்துப் போகாதீர்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. 2000 ரூபாய் நோட்டும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சுங்கத்தில் தங்கத்துக்குக் கேள்வி அதிகம்.

கடைசியில் பெரிய பெட்டி

வேட்டி, சேலை, சுடிதார் போதும். திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். ராமேஸ்வரமும் பட்டியலில் இருந்தால் 22 தீர்த்தங்களில் நனைந்தபின் மாற்ற ஒரு செட்டும், ஈரத்துணிக்கு ஒரு நெகிழிப் பையும் தேவை. நம் மின்னேற்றியின் தட்டை முனை அங்குள்ள வட்டத் துளையில் நுழையாது, மாற்றுச் செருகி ஒன்று வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வரலாம். கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் கூடாது. அங்கே கோயில் வாசலிலேயே கிடைக்கும். நெத்திலிச் சம்பலை இந்த ஒரு பயணத்துக்கு விட்டுவிடலாம். பெட்டி போகும்போது 12 கிலோவைத் தாண்டாமல் இருந்தால், வரும்போது குத்துவிளக்குக்கும் சேலைக்கும் இடம் இருக்கும்.

திரும்பும்போது மல்லிகைக் கன்று, காய்கறி விதை என்று எதையும் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். அனுமதிச் சான்று இல்லாமல் நம் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். சாங்கி வழியாகத் திரும்பும் ஜொகூர்க்காரர்கள் மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவை வாங்கிவிட வேண்டாம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்.