தேர்வு கட்டாயமற்ற சேர்க்கை (அமெரிக்கக் கல்லூரிகள்)

எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண்ணை விண்ணப்பத்தோடு அனுப்புவதா வேண்டாமா என்பதை மாணவரின் விருப்பத்துக்கே விட்டுவிடும் சேர்க்கை விதி. அமெரிக்காவில் இதை ‘டெஸ்ட் ஆப்ஷனல்’ என்கிறார்கள். அனுப்பினாலும் திறந்து பார்க்கமாட்டோம் என்னும் ‘டெஸ்ட் பிளைண்ட்’ விதி வேறு. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம் பின்பற்றுவது இரண்டாவதை.

அமெரிக்காவின் போட்டி மிகுந்த கல்லூரிகளில் தேர்வு மதிப்பெண் மட்டும் இடத்தை முடிவு செய்வதில்லை. பள்ளி மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, சில இடங்களில் பெற்றோர் அங்கே படித்தவரா என்பது வரை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துப் படிக்கிறார்கள். கட்-ஆஃப் பட்டியலுக்குப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றும். அந்தக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துவிட்டால் மீதித் தாள்களின் எடை கூடுகிறது. எடை கூடும் அந்தத் தாள்கள் யாருக்குச் சாதகம் என்பதில்தான் அரை நூற்றாண்டுச் சண்டை நடக்கிறது.

எஸ்.ஏ.டி. முதன்முறை நடந்தது 1926 ஜூன் 23 அன்று. அதை வடிவமைத்த பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகம், முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வைத்த அறிவுத்திறன் சோதனைகளிலிருந்து கிளம்பியவர். அந்தச் சோதனைகளைக் காட்டி, இனத்துக்கு இனம் அறிவு வேறுபடும் என்று 1923இல் ஒரு நூலும் எழுதினார். 1930இல் அந்த முடிவு அடிப்படையற்றது என்று அவரே அறிவித்தார். அந்த முடிவை அவர் கைவிட்டாலும் தேர்வு நிலைத்தது. அதை வளர்த்துவிட்டவர் 1933இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட். கிழக்குக் கடற்கரையின் பணக்கார விடுதிப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் திறமைசாலிகளுக்கு உதவித்தொகை கொடுக்க அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. உதவியாளர் ஹென்றி சான்சி கண்டுபிடித்துக் கொடுத்தது எஸ்.ஏ.டி. 1947இல் தேர்வுகளை நடத்துவதற்கென்றே ஈ.டி.எஸ். நிறுவனம் தொடங்கியபோது சான்சிதான் அதன் முதல் தலைவர். 1959இல் ஐயோவாவிலிருந்து ஏ.சி.டி. போட்டிக்கு வந்தது. வசதி படைத்தவர்களின் பிடியை உடைக்க வந்த தேர்வு, பயிற்சி வகுப்புக்குக் காசு கட்ட முடிந்தவர்களுக்கே கைகொடுக்கிறது என்ற புகார் பின்னாளில்தான் எழுந்தது. ஆனால் புரூக்ளினில் ஸ்டான்லி கேப்லன் அந்தப் பயிற்சியை 1940களிலேயே தொழிலாக்கிவிட்டார்.

கட்டாயத்தை முதலில் நீக்கியது மெய்ன் மாநிலத்தின் பௌடன் கல்லூரி. முடிவு எடுத்த ஆண்டு 1969. சிறப்புத் தகுதியோடு பட்டம் பெறுபவர்களில் பலர் எஸ்.ஏ.டி.யில் அவ்வளவு சோபிக்காதவர்கள் என்பதை அந்தக் கல்லூரி கவனித்திருந்தது. அதே மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரி 1984இல் எஸ்.ஏ.டி.யையும், 1990இல் மற்ற எல்லாத் தேர்வுகளையும் விருப்பத்துக்கு விட்டது. 2004இல் பேட்ஸ் தன் இருபதாண்டு அனுபவத்தை வெளியிட்டது: மூன்றில் ஒரு பங்கு மாணவர் மதிப்பெண் அனுப்பாமல் சேர்ந்தவர்கள், அனுப்பியவர்களுக்கும் அவர்களுக்கும் பட்டம் பெறும் விகிதத்தில் வேறுபாடு வெறும் 0.1 சதவீதம். அங்கே சேர்க்கைத் தலைவராக இருந்த வில்லியம் ஹிஸ், 2014இல் 33 கல்லூரிகளின் ஏறத்தாழ 1,23,000 மாணவர்களை வைத்து அதே முடிவை இன்னும் விரிவாக எடுத்துச் சொன்னார்.

அதே காலத்தில் வேறொரு ஆய்வும் வந்தது. பெலாஸ்கோ, ரோசிங்கர், ஹெர்ன் மூவரும் 180 தாராளக் கலை (லிபரல் ஆர்ட்ஸ்) கல்லூரிகளை ஒப்பிட்டார்கள். கட்டாயத்தை நீக்கிய கல்லூரிகளில் ஏழை மாணவர் பங்கோ சிறுபான்மையினர் பங்கோ மற்றவற்றைவிட அதிகம் உயரவில்லை. உயர்ந்தது விண்ணப்பங்களின் எண்ணிக்கை. கூடவே, கல்லூரி வெளியிடும் சராசரி எஸ்.ஏ.டி. மதிப்பெண். குறைந்த மதிப்பெண்காரர்கள் அனுப்பாமல் இருந்துவிட்டால் மிச்சமிருப்போரின் சராசரி தானே ஏறும். விண்ணப்பம் பெருகினால் இடம் கிடைப்போர் விகிதம் இறங்கி, கல்லூரிக்கு அரிய சரக்கு என்ற பெயர் வரும். கொள்கையை அறிவித்த எல்லாக் கல்லூரிக்கும் இதுதான் நோக்கம் என்று சொல்வது அநியாயம். ஆனால் ஆதாயம் என்னவோ கிடைத்தது.

ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பெரிய பெயர் ஒன்று முதலில் உள்ளே வந்தது 2018 ஜூனில், சிகாகோ. அப்போதும் ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் அசையவில்லை. அசைத்தது கொரோனா. 2020 வசந்தத்தில் தேர்வு மையங்கள் மூடிக்கிடந்ததால் கட்டாயப்படுத்த வழியே இல்லாமல் போனது. காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பித்தவர்களில் மதிப்பெண் அனுப்பியோர் ஒரே ஆண்டில் முக்கால் பங்கிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கினார்கள். ஹார்வர்டுக்கு 40,248 ஆக இருந்த விண்ணப்பங்கள் 57,435 ஆயின. இடங்கள் கூடவில்லை என்பதால் தேர்வானோர் 3.43 சதவீதம். பழைய கணக்கில் ‘நமக்கு எங்கே கிடைக்கும்’ என்று ஒதுங்கியிருப்பவர்களும் துணிந்து விண்ணப்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது மறுப்புக் கடிதம்தான்.

கொரோனாவுக்கு முந்தைய மாற்றங்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பென்னட், 2021இல் சுமார் நூறு தனியார் கல்லூரிகளைப் பற்றி எழுதினார். பெல் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களும் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் அந்த உயர்வு ஒரு சதவீதப் புள்ளி அளவே.

முதலில் திரும்பி நடந்த பெரிய பெயர்களில் ஒன்று எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் கட்டாயத்தை மீட்டபோது அது சொன்ன காரணம் எளிது. எந்தத் துறையில் சேர்ந்தாலும் அங்கே எல்லோரும் நுண்கணிதமும் இயற்பியலும் தலா இரண்டு பருவம் முடித்தாக வேண்டும். அந்தப் பளுவை யாரால் சுமக்க முடியும் என்று கணிதத் தேர்வு மதிப்பெண் இல்லாமல் கணிக்க முடியவில்லை. மேல்நிலைக் கணிதப் பாடங்களே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தன் திறமையைக் காட்ட எஸ்.ஏ.டி.தான் வழி என்றும் சேர்க்கைத் தலைவர் ஸ்டு ஷ்மில் வாதிட்டார்.

விவாதத்தைத் திருப்பியது 2024 பிப்ரவரியில் ஐவி லீகின் டார்ட்மத் கல்லூரி வெளியிட்ட அறிக்கை. அதன் பேராசிரியர்கள் நால்வர், மறைத்த மதிப்பெண்களையே தேடிப் பார்த்தார்கள். வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் எஸ்.ஏ.டி.யில் 1400ஐ ஒட்டி வாங்கியிருந்தும் அனுப்பவில்லை. டார்ட்மத் மாணவர்களின் வழக்கமான மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, நம்முடையது குறைவு என்று பயந்துவிட்டார்கள். சேர்க்கை அலுவலகமோ அதை அந்தப் பள்ளியின் சராசரியோடு வைத்துப் படித்திருக்கும். அங்கே 1400 என்பது பெரிய மதிப்பெண். எப்போது காட்ட வேண்டும், எப்போது மறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வசதியான பள்ளியில் ஆலோசகர் உண்டு. மற்றப் பிள்ளைக்கு ஊகம் மட்டுமே துணை. அனுப்பாதோர் பெருகப் பெருக வெளியாகும் சராசரி ஏறுவதும், அதைப் பார்த்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் தயங்குவதும் ஒரு சுழற்சியானது. ஏழை மாணவருக்காகத் திறந்த கதவு என்று சொல்லப்பட்ட விருப்ப உரிமை, அதைக் கையாளத் தெரிந்தவர்களின் சொத்தாகவே முடிந்தது.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஜான் ஃபிரீட்மன் உள்ளிட்டோர் 2024 ஜனவரியில் தந்த ஆய்வும் இதற்கு வலுச்சேர்த்தது: பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் எப்படிப் படிப்பார் என்பதைப் பள்ளி மதிப்பெண்ணைவிட எஸ்.ஏ.டி. நன்றாகக் கணிக்கிறது. பேட்ஸ் கண்டதற்கு இது நேர் எதிர் போலத் தோன்றும். ஆனால் பள்ளி மதிப்பெண்கள் இடைப்பட்ட காலத்தில் தாராளமாகிவிட்டன. எல்லோருமே ‘ஏ’ வாங்கியிருந்தால் அந்தத் தாள் யாரையும் பிரித்துக் காட்டாது.

அதன்பின் வரிசையாக மாற்றங்கள். பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் 2024இல் கட்டாயத்தை மீட்டன. மதிப்பெண்ணைப் பார்க்கவே மாட்டோம் என்று சில ஆண்டுகள் இருந்த கால்டெக்கின் திருப்பமே இவற்றில் பெரியது. யேல், பாடவாரியான ஏ.பி. அல்லது ஐ.பி. தேர்வுகளையும் மாற்றாக ஏற்றது. 2025 அக்டோபரில் பிரின்ஸ்டனும் திரும்பிவருவதாக அறிவித்தது. நிரந்தரமாக விருப்பம் என்று 2023இல் முடிவெடுத்த கொலம்பியா, 2025 இறுதியில் ஐவி லீகில் தனியாக நின்றது. நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் இன்னும் கட்டாயமின்றியே சேர்க்கின்றன. வருபவர்களில் பெரும்பகுதிக்கு இடம் கொடுப்பவற்றுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக உறைப்பதில்லை.

கலிபோர்னியாவின் கதை தனி. தேர்வை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் அரசுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழு 2020 தொடக்கத்தில் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் நிர்வாகக் குழு ஒருமனதாகத் தேர்வைக் கைவிட்டது. 2025 நவம்பரில் சான் டியேகோ வளாகத்தின் பேராசிரியர்களும் நிர்வாகமும் சேர்ந்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது: உயர்நிலைப் பள்ளி அளவுக்கும் கீழான கணிதத்தோடு வரும் முதலாண்டு மாணவர்கள் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 30 மடங்கு பெருகியிருக்கிறார்கள். கொரோனாக் காலப் படிப்பிழப்பு, தாராளமாகிவிட்ட பள்ளி மதிப்பெண், வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து கூடிய சேர்க்கை ஆகியவற்றோடு, தேர்வை நீக்கியதையும் அது காரணப் பட்டியலில் சேர்த்தது.